தாய் நோயாளி அல்ல

1973 டிசம்பர் 4, செவ்வாய்

விடியமுதல் மழை.

ஆஸ்பத்திரி என் பிள்ளையிடமிருந்து தாயைக் களவெடுத்துவிட்டது. பகலில், மை போட்டு, கையெழுத்து வைத்து எடுத்த களவு.

புவனத்துக்கு இன்று துண்டு வெட்டினார்கள். சுகமாம், வீட்டுக்குப் போகலாமாம். பிள்ளை போக ஏலாது. எட்டாம் மாதத்திலேயே பிறந்த பிள்ளை, மூன்று றாத்தல், மரப்பெட்டிக்குள் பல்ப் வெளிச்சத்தில் கிடக்கிறாள். அவள் நோயாளி. தாய் நோயாளி அல்ல. நோயாளி அல்லாத ஆளுக்குக் கட்டில் இல்லை, பாய் இல்லை, விறாந்தையும் இல்லை. பார்க்கிற நேரத்தில் வந்து பார்க்கலாமாம். எங்கிருந்து வருவது? அவளுடைய வீடு சம்பூரில். நடுவில் கடல்.

டி.எம்.ஓ., ஆஸ்பத்திரியின் பெரிய டொக்டர், நல்லவர்போலத்தான் பேசினார். இடம் இல்லை, நான் என்ன செய்ய என்றார். கைதி ஒருவன் கால் முறிந்து ஆண்கள் வார்ட்டில் கிடக்கிறான். அவனுக்குக் காவலாக வந்த பொலிஸ்காரனுக்குக் கதிரை போட்டிருக்கிறார்கள், இரவும் பகலும். காசு வார்ட்டில் குடலிறக்கத்துக்கு வெட்டின ஒரு பெரிய உத்தியோகத்தர். அவருடைய மனைவிக்குப் பக்கத்தில் தனிக் கட்டில், மேசை, பூப்போட்ட பிளாஸ்க். காசு வார்ட்டில் நாள் கட்டணம் கேட்டேன். என் கிழமைச் சம்பளத்தை ஒரு நாளில் தின்னும்.

நேற்று ஒரு பைத்தியக்கார வேலை நடந்தது. பக்கத்துக் கட்டில் சுபைதா, கிண்ணியாவைச் சேர்ந்தவ. வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்தது, காயம் ஆறவில்லை, அதனால் அவவுக்குக் கட்டில் உண்டு. அவதான் வழி சொன்னது: கமுக்கட்டுக்குள் வெங்காயத்தை வைத்தால் காய்ச்சல் காட்டும், காய்ச்சல் காட்டினால் துண்டு வெட்டமாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் அடிக்க நாங்கள் எல்லோரும் செய்த வேலை. புவனம் நம்பினாள். காலை நாலு சின்ன வெங்காயத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். வார்ட் நேர்ஸ் மிஸி கண்ணாடிக் குழாயை வாயில் வைத்தாள். ஒன்றும் ஏறவில்லை. மிஸி மூக்கைச் சுளித்து, “என்ன பிள்ளை, சம்பல் அரைக்கப் போறியளோ?” என்றாளாம். வார்ட்டே சிரித்திருக்கிறது. புவனமும் சிரித்தாளாம். பிறகு போர்வைக்குள் முகத்தை வைத்து அழுதாளாம். சுபைதாதான் எனக்குச் சொன்னது.

நகரத்தில் தங்க இடம் தேடினேன். நான் இருக்கிற அறையில் நாலு ஆம்பிளைகள். வீட்டுக்காரி அம்மாவிடம் பின் விறாந்தையைக் கேட்டேன். பிள்ளைபெற்ற துடக்குக் கழியாத பொம்பிளையை வைத்திருக்க ஏலாது, முப்பத்தொன்றாம் நாள் கழியட்டும் என்றா. இன்னும் இரண்டு வீடு கேட்டேன். அங்கேயும் அதுதான். ஆஸ்பத்திரிக்கு அவள் சுகமானவள், ஊருக்கு அவள் துடக்கானவள்.

பி.ப. அக்கரைக்குப் போகிற லோஞ்சில் ஏற்றிவிட்டேன். சட்டை முன்பக்கம் பாலில் நனைந்து, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு இருந்தாள். லோஞ்ச் கிளம்புகிற நேரம், “இஞ்சாருங்கோ, அவளின்ர முகம் எனக்கு இப்பவே மறந்து போகுது” என்றாள். இயந்திரச் சத்தத்தில் மற்றதெல்லாம் கேட்கவில்லை.

5, புதன்

தூறல். வேலைக்குப் போனேன். மா மூட்டை இறக்கம். என் வேலை ஜெற்றியில் நின்று மூட்டைக்கு ஒரு கோடு போடுவது. கப்பல் நிறைய மா. நகரத்தில் அந்த மாவில் சுடுகிற பாணுக்கு விடியமுன் வரிசை.

இலவச வைத்தியத்துக்கு நான் இதுவரை கொடுத்தது:
லோஞ்ச், போக வர.
பஞ்சு. ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டதாம்.
வெந்நீர்ப் போத்தல், பழையது. பெட்டிக்குள் சூட்டுக்கு.
அற்றென்டனுக்கு சிகரட் பெட்டி. இல்லாவிட்டால் கதவு மூடியே இருக்கும்.
வேலைக்குப் போகாத நாட்களின் கூலி.

மத்தியானம் கதவடியில் நின்று பார்த்தேன். உள்ளே போகக் கூடாது. பஞ்சுக் குவியல். பஞ்சுக்குள் ஒரு சிவந்த நெற்றி, சுருங்கின காது ஒன்று. மிச்சம் தெரியவில்லை. நான் இன்னும் தொடவில்லை. புவனம் தொட்டிருக்கிறாள். பால் பீச்சிக் கொடுக்கப் போன நேரங்களில் விரலைப் பிடிக்கக் கொடுத்தாளாம், நல்ல பிடியாம்.

யாருடைய மூக்கு என்று புவனம் கேட்டு அனுப்பினால் என்ன சொல்வது? மூக்கைக் காணவில்லை.

பாலுக்கு ஒழுங்கு செய்தாயிற்று. விடிய புவனம் போத்தலில் பீச்சி வைப்பாள். அவளுடைய தம்பி சிவா சைக்கிளில் மூதூர் ஜெற்றிக்குக் கொண்டுவருவான். லோஞ்சில் டிக்கற் வெட்டுகிற கரீம் நானா இங்கே கொண்டுவருவார். நான் எடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். மிஸியிடம் கேட்டேன். யோசித்துவிட்டுச் சரி என்றாள், போத்தல் அவித்த போத்தலாக இருக்கவேண்டும். நல்ல மனுஷி. சட்டம்தான் கெட்டது. அல்லது சட்டத்தை எழுதினவன் பிள்ளை பெறாதவன்.

6, வியாழன்

வெயில் கொஞ்சம். கடல் அடங்கி.

பால் வந்தது. கரீம் நானா போத்தலை ஈரத் துணியில் சுற்றி, தன்னுடைய டிக்கற் பைக்குள், நெஞ்சோடு வைத்துக் கொண்டுவந்தார். “என்ட அஞ்சு புள்ளைக்கும் நான் பால் தூக்கினதில்ல தம்பி. உங்கட ஆளுக்காகத் தூக்குறன். பெரியவளானா லோஞ்சுக்குக் காசு குடுத்துத்தான் ஏறணும் எண்டு சொல்லுங்க” என்றார்.

மிஸி கரண்டியால் ஊட்டுவதைக் கதவிடுக்கால் பார்த்தேன். கரண்டி நுனியில் ஒரு சொட்டு, மூக்கை மறைத்து மிஸியின் கை. வாய் திறந்தது. அப்படியொரு சின்ன வாயை நான் எந்த உயிரிலும் கண்டதில்லை. இரண்டாம் சொட்டு. விழுங்கினாள்.

கரீம் நானாவிடம் வெறும் போத்தலோடு செய்தி கொடுத்தேன்: குடித்தாள் என்று சொல்லுங்கோ.

ஜெற்றியில் இன்று கோட்டை மாற்றிப் போட்டுப் பேச்சு வாங்கினேன்.

7, வெள்ளி

பாண் வரிசையில் நின்றேன். எனக்கு ஒன்று. அறையில் இருக்கிற மற்றவர்களுக்கும் வாங்கி வந்தேன். வழியில் மழை, கடை ஒன்றின் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். ஒரு பாண் ஒரு றாத்தல். மூன்று பாணை எடுத்து, தாளோடு, இடது கையில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. இவ்வளவுதான் அவள். மழை விட்டும் அப்படியே நின்றேன். கடைக்காரர், “என்ன தம்பி, பாணைத் தாலாட்டுறீரோ?” என்றார்.

உண்மையில் மூன்று றாத்தல் பாணும் இப்போது மூன்று றாத்தல் இல்லை. அதிலும் களவு.

பால் வந்தது. குடித்தாள். புவனத்தின் செய்தி: மூக்கு யாருடைய மூக்கு?
உன்னுடைய மூக்கு என்று சொல்லி அனுப்பினேன். இன்னும் காணவில்லை.

8, சனி

காற்று மாறிவிட்டது. வாடைக் காற்று. லோஞ்ச் பிந்தி வந்தது, ஆட்கள் சத்தி எடுத்தபடி இறங்கினார்கள்.

எழுதவே கை கூசுகிறது. போத்தலை மிஸியிடம் கொடுத்தேன். வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்தாள். முகம் மாறிற்று. பாலுக்குள் கறுப்பாக ஒன்று மிதந்தது. கரித்துண்டு.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. புவனத்தின் தாய், மாமியின் வேலை. பாலோ இறைச்சியோ வீட்டைவிட்டு வெளியே போனால் கூட ஒரு கரித்துண்டு போகவேண்டும், இல்லாவிட்டால் வழியில் ஏதாவது தொற்றிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். பால் கடல் தாண்டிப் போகிறதே என்று மாமிக்குப் பயம். துணியில் முடிந்துவிட்டிருக்கலாம். நேற்று முன்தினம் முடிச்சுத்தான் இருந்தது, நான் கழற்றி எறிந்தேன். இன்று காற்று பலம் என்று போத்தலுக்குள்ளேயே போட்டிருக்கிறா. பிள்ளையைக் காப்பாற்ற.

மிஸி போத்தலோடு போய், கைகழுவுகிற பேசினில் ஊற்றினாள். வெள்ளையாக ஓடி, குழாய்க்குள் போனது. புவனம் விடியமுன் எழும்பி, மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார்ந்து பீச்சினது.

“நான் இதை டொக்டருக்குச் சொல்லவேணும்” என்றாள் மிஸி. சொன்னாள். வெளிப் பால் இனி வார்ட்டுக்குள் வரக்கூடாதென்று உத்தரவு.

அப்படியென்றால் தாயை உள்ளே விடுங்கோ, கரி இல்லாமல் கொடுப்பாள் என்றேன். தாய்க்கு நோயாளி ரிக்கற் இல்லையே என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நல்லது, நானும் கத்தியிருப்பேன்.

9, ஞாயிறு

பெருங்காற்று. லோஞ்ச் இல்லை. கடல் சாம்பல் நிறம், அந்தக் கரை தெரியவில்லை. ஜெற்றியில் போய்ச் சும்மா நின்றேன். அவளும் அங்கே மூதூர் ஜெற்றியில் நிற்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நிற்க விடமாட்டா மாமி. வாசல் தாண்டவே விடமாட்டா.

பால்மா தேடினேன். சங்கக் கடையில் இல்லை. பெரிய கடைத்தெருவில் இல்லை. ஒரு கடையில் இருப்பது எனக்குத் தெரியும், கடைக்காரன் இல்லை என்றான், நான் அவனுக்குத் தெரிந்த ஆள் இல்லை. வார்ட்டில் குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கிறார்களாம். பின்னேரம் எங்கிருந்தோ கொஞ்சம் பால்மா எடுத்துக் கரைத்துக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சத்தி எடுத்தாள். நிறை குறைந்துவிட்டது. எவ்வளவென்று மிஸி சொல்லவில்லை. அதனால் நிறையக் குறைந்திருக்கிறது.

தம்பலகாமத்திலிருந்து பாம்பு கடித்த ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். குடும்பம் முழுக்க ஆஸ்பத்திரி வளவுக்குள் மரத்தடியில் சாக்குக் கட்டிச் சமைக்கிறது. அவர்களை ஒருவரும் கலைக்கவில்லை. புவனத்துக்கும் ஒரு சாக்குக் கட்டிக் கொடுத்திருக்கலாம். ஏன் அன்றைக்குத் தோன்றவில்லை? மழையில், பிள்ளை பெற்ற உடம்போடு சாக்குக்குள் இருத்துவதா? இருந்திருப்பாள்.

10, திங்கள்

காற்று. லோஞ்ச் இல்லை. வேலைக்குப் போகவில்லை.

சுபைதா பால் கொடுத்துவிட்டா.

காலை நான் கதவடியில் நிற்கிறேன். சுபைதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரோடு சுவராக, ஒரு கோப்பையை மூடி எடுத்து வருகிறா. மிஸியிடம் நீட்டினா. மிஸி கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு யன்னலைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டி வாங்கினாள். சுபைதா நோயாளி. அவவுடைய பால் வெளிப் பால் அல்ல. உத்தரவு உடையவில்லை.

குடித்தாள். சத்தி எடுக்கவில்லை.

பின்னேரம் சுபைதாவின் புருஷன் வந்தார். விறகு வண்டிக்காரர், கைமுழுக்கப் பிசின். எனக்குப் பயம், என்ன சொல்வாரோ என்று. ஆள் என்னை விறாந்தைக்குக் கூட்டிப்போய், சரியாகக் கேட்கச் சொன்னார். தங்கள் மார்க்கத்தில் ஒருத்தியின் பாலைக் குடித்த பிள்ளை அவளுக்குப் பிள்ளை. அது விளையாட்டு இல்லை. “உங்கட மகளுக்கும் என்ட மகனுக்கும் இனி எந்தக் காலத்திலயும் கலியாணக் கதை இல்ல. தங்கச்சி. விளங்கிச்சா தம்பி? பொறகு நான் சொல்லல்ல எண்டு சொல்லப்படாது.”

ஓம் என்றேன். பேர்கூட வைக்காத பிள்ளைக்கு ஒரு அண்ணன் வந்துவிட்டான். சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையும் வரும் என்று அடக்கிக்கொண்டேன்.

என் பிள்ளை என் மனைவியின் பாலைக் குடித்தால் சட்டவிரோதம். இதை யாரிடம் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள்.

12, புதன்

காற்று தணிந்தது. லோஞ்ச் ஒரு தரம் ஓடிற்று. கரீம் நானா வந்தார், போத்தல் இல்லாமல். போத்தல் வேண்டாமென்று சிவாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை, காற்று நாட்களிலும் அவன் ஜெற்றிக்கு வந்து திரும்பினானாம். இன்றைக்குத்தான் வரவில்லை. புவனத்துக்குப் பால் குறைந்துவிட்டது என்று கடையில் யாரோ சொன்னதாகச் சொன்னார். குடிக்க வாய் இல்லாவிட்டால் பால் என்ன செய்யும்.

பிள்ளை எப்படி என்று புவனம் கேட்பாள், என்ன சொல்லட்டும் என்றார். உள்ளதைச் சொல்லுங்கோ என்றேன். கரி மிதந்ததையும் உத்தரவையும் சுபைதாவையும் சொன்னேன்.

அவர் டிக்கற் புத்தகத்தைத் தட்டினார். “பெத்தவக்கிட்ட இதைச் சொல்லணுமா தம்பி?”

சொல்லத்தான் வேணும் என்றேன். பிள்ளை குடிக்கிறாள் என்பதாவது அவளுக்குத் தெரியட்டும்.

இரவு நித்திரை இல்லை. பிள்ளையை நினைத்து அல்ல. புவனத்தின் கழுத்தை நினைத்து. தலைமயிரை அள்ளி முடிகிற நேரம் பின்கழுத்தில் ஒரு மச்சம் தெரியும். கலியாணம் முடித்து ஒரு வருஷம். அவள் அங்கே, நான் இங்கே, கிழமைக்கு ஒருக்கா லோஞ்சில் போய் வருவேன். ஒரு வீட்டில் சேர்ந்து ஒரு மாதம் இருந்ததில்லை. வேலை இருக்கிற இடத்தில் வீடு இல்லை, வீடு இருக்கிற இடத்தில் வேலை இல்லை. இப்போது மூன்று பேர் மூன்று இடம்.

14, வெள்ளி

மழை, காற்று. நேற்றும் லோஞ்ச் இல்லை. இன்றும் இல்லை.

மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். வாச்சருடைய சத்தம் கேட்டது: பார்க்கிற நேரம் முடிஞ்சுது, பின்னேரம் வாங்கோ. யாரோ ஒரு பொம்பிளை போகாமல் நிற்கிறா. கிட்டப் போனேன்.

புவனம். காலில் முழங்கால்வரை சேறு. சேலை உடம்போடு ஒட்டி, பல் கிட்டி நின்றாள். பக்கத்தில் சிவா, சைக்கிள் இல்லாமல்.

கடலால் வர ஏலாது என்று தரையால் வந்திருக்கிறாள். நேற்று விடிய வெளிக்கிட்டு, உழவு மெஷின் பெட்டியில் கொஞ்ச தூரம், நடை கொஞ்சம், துறைக்குத் துறை வள்ளம் பார்த்து, இரவு தோப்பூரில் யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டு விறாந்தையில், இன்று கிண்ணியாத் துறை தாண்டி பஸ். மாமி கதவை மறித்திருக்கிறா. துடக்கோடு ஆற்றைக் கடந்தால் ஆறு இழுக்கும் என்று. இழுக்கட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினாளாம்.

“அவ எப்பிடிக் குடுத்தவ?” என்று கேட்டாள். முதல் கேள்வி அது, சுபைதாவைப் பற்றி. கோப்பையிலா, கரண்டியிலா என்று. கரண்டி என்றேன். “அப்ப இன்னும் ஒருத்தரிட்டயும் சப்பிக் குடிக்கேல்லை” என்றாள். அதில் அவளுக்கு ஒரு ஆறுதல்.

கையைப் பிடித்தேன். நெருப்பு.

பிறகு எல்லாம் வலு சுறுக்காக நடந்தது. மிஸி கண்ணாடிக் குழாயை வாயில் வைத்தாள். இந்தமுறை ஏறிற்று. மிஸி சிரிக்கவில்லை. பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலாக இருக்கலாம் என்று டொக்டர். ரிக்கற் எழுதினார்கள். பெயர், வயது, ஊர். கட்டில் கொடுத்தார்கள். வெள்ளை விரிப்பு, தலையணை. பொம்பிளைகள் வார்ட்டில், யன்னல் பக்கம்.

கட்டில் கிடைத்துவிட்டது. புவனம் படுக்கவில்லை. எழும்பி, “இப்ப நான் நோயாளிதானே, பிள்ளையிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ” என்று மிஸியைக் கேட்டாள்.

காய்ச்சல்காரர் குழந்தைகள் வார்ட்டுக்குள் போகக்கூடாது.

மிஸி இதைச் சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் பிள்ளை இருக்கிறதாம்.

15, சனி

மழை விட்டிருக்கிறது. காய்ச்சல் அப்படியே. ஊசி. பால் கட்டி நெஞ்சு கல்லாக இருக்கிறது என்கிறாள். பீச்சி ஊற்றச் சொன்னார்கள், மருந்து கலந்த பால், பிள்ளைக்கு ஆகாது. பேசினில்தான் ஊற்றினாள். தானே ஊற்றினாள்.

பிள்ளை குடிக்கிறாள். சுபைதாவுக்குக் காயம் ஆறிக்கொண்டு வருகிறது, திங்களோ செவ்வாயோ துண்டு வெட்டுவார்களாம். அதற்குப் பிறகு?

புவனத்தின் யன்னலில் நின்றால் குழந்தைகள் வார்ட்டின் யன்னல் தெரிகிறது. நடுவில் ஒரு சின்ன முற்றம், குரோட்டன் பாத்தி, கழுவிப் போட்ட வெள்ளைத் துணிகள். கண்ணாடி மூடித்தான் இருக்கிறது, குளிருக்கு. பரவாயில்லை, கண்ணாடிக்குள்ளால் பார்க்கலாம்தானே. விடியமுதல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இருக்கச் சொன்னால் இருக்கிறாள், திரும்பப் போய்ப் பார்த்தால் நிற்கிறாள். துணி ஒன்று காற்றில் விலகினால் எட்டிப் பார்க்கிறாள்.

“மூக்கு என்ர மூக்கெண்டு சொல்லி விட்டனீங்கள். மெய்யோ?” என்றாள்.

மெய் என்றேன். நானும் இன்னும் காணவில்லை.

பத்துமணிபோல டி.எம்.ஓ. வார்ட்டைச் சுற்றி வந்தார். மிஸி பின்னால். அற்றென்டன் ரிக்கற்றுகளோடு. புவனத்தின் கட்டிலடியில் நின்று, நாடி பார்த்து, ஊசியைக் கூட்டச் சொன்னார். போகத் திரும்பினார். நான் முன்னால் போய் நின்றேன். சண்டை பிடிக்கத்தான் போனேன், எல்லாவற்றையும் கேட்க, கதிரை, காசு வார்ட்டு, பேசின், எல்லாம். வாயைத் திறந்தால் ஒன்றுதான் வந்தது.

“உள்ளுக்கு விட வேண்டாம் ஐயா. தொட வேண்டாம். அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில பிள்ளையை ஒருக்காத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கோ. இவள் இஞ்ச நிண்டு பாக்கட்டும்.”

மிஸி டொக்டரைப் பார்த்தாள். வார்ட்டில் படுத்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். டொக்டர் அடுத்த கட்டிலின் ரிக்கற்றை எடுத்தார்.

“ஒருக்காக் காட்டுங்கோ ஐயா” என்றேன் திரும்பவும்.